வழங்கி மங்குகிறது, ஏற்பி எழவில்லை: ஆற்றல் மாற்ற ஒளிர்வு உணரிகளின் கோளாறுகளை அறிகுறி வழியே கண்டறிதல்

ஆற்றல் மாற்ற ஒளிர்வு உணரியில் இரண்டு சாயங்கள் உண்டு: ஒளியை வாங்கி ஆற்றலைக் கொடுப்பது வழங்கி, அந்த ஆற்றலைப் பெற்றுத் தன் நிறத்தில் ஒளிர்வது ஏற்பி. வழங்கியின் ஒளி குறைந்ததும் ஆற்றல் ஏற்பிக்குப் போய்விட்டது என்று பலரும் உடனே முடிவுகட்டிவிடுகிறார்கள். ஒளி குறைவதற்கு ஆற்றல் மாற்றமும் ஒரு காரணம், அவ்வளவுதான். கரைசலே ஒளியை விழுங்கியிருக்கலாம். உலோக அயனி ஒளிர்வைத் தணித்திருக்கலாம். சாயம் வெளிச்சத்தில் சிதைந்திருக்கலாம். கரைசலை ஊற்றி அளக்கும் சிறு கலமான குவெட்டின் சுவரில் ஈரம் படர்ந்திருக்கலாம். அதனால் எந்த அறிகுறியோடு ஒருவர் வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றே: வழங்கி இழந்த ஆற்றல் ஏற்பியிடம் வந்து சேர்ந்தது என்பதற்கு என்ன சான்று வைத்திருக்கிறீர்கள்?

சிங்கப்பூரில் ஒளிர்வுமானியோடு வேலை செய்யும் தமிழ் மாணவர்கள் நிறையப் பேர். ஊரிலிருந்து ஆய்வுப் படிப்புக்கு வந்தவர்களும் உண்டு, இங்கேயே பிறந்து பலதுறைத் தொழிற்கல்லூரி வழியாக வந்தவர்களும் உண்டு. அவர்கள் காட்டும் நிறமாலைகளில் திரும்பத் திரும்பத் தலைகாட்டும் கோளாறுகளை இங்கே அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த இரண்டு பகுதிகளைப் படிக்காமல் போகவேண்டாம்.

எடுத்துக்காட்டாகக் கொள்ளும் உணரி

கூமரின் என்னும் சாயம் வழங்கி, ரோடமின் என்னும் சாயம் ஏற்பி, நடுவில் ஒரு குட்டையான இணைப்பு. கண்டறிய வேண்டிய பொருள் பாதரச அயனி. பாதரசம் இல்லாதபோது ரோடமினின் வளையம் மூடியிருக்கும். அந்த நிலையில் அது நிறமற்றது, கண்ணுக்குத் தெரியும் ஒளியை உறிஞ்சாது, எனவே கூமரினிடமிருந்து ஆற்றலை வாங்கவும் முடியாது. 420 நானோமீட்டரில் தூண்டினால் 475 அருகே கூமரின் மட்டும் நீலமாக ஒளிரும். பாதரசம் வந்து வளையத்தைத் திறந்ததும் ரோடமின் இளஞ்சிவப்பு நிறம் பெற்று, கூமரின் வெளியிட்டிருக்க வேண்டிய ஆற்றலை வாங்கி, 580 அருகே ஒளிரத் தொடங்கும். 475 இறங்கும், 580 ஏறும். படிப்படியாகப் பாதரசம் சேர்த்து எடுத்த நிறமாலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்தால், இரண்டு முகடுகளுக்கும் நடுவே எல்லாக் கோடுகளும் வெட்டிக்கொள்ளும் ஒரு புள்ளி தெரியும். அந்தப் புள்ளி கலையாமல் நின்றால் கரைசலில் இரண்டே நிலைகள்தான் இருக்கின்றன என்று நம்பலாம்.

தூரக் கணக்கையும் மனத்தில் வையுங்கள். தியோடர் ஃபோர்ஸ்டர் 1940களின் பிற்பகுதியில் வகுத்த கோட்பாட்டின்படி ஆற்றல் மாற்றத்தின் திறன் தூரத்தின் ஆறாவது அடுக்கைப் பொறுத்து விழுகிறது. பாதித் திறன் கிடைக்கும் தூரத்தை ஃபோர்ஸ்டர் தூரம் என்கிறோம். பெரும்பாலான சாய இணைகளுக்கு அது 2 முதல் 6 நானோமீட்டர். ஓர் இணைக்கு அது 5 என்று வைத்துக்கொண்டால், 2.5 நானோமீட்டரில் திறன் 98 விழுக்காட்டுக்கும் மேல், 7.5 இல் ஏறக்குறைய 8, 10 இல் 2 கூட இல்லை. 1967 இல் ஸ்ட்ரையரும் ஹாக்லண்டும் புரோலின் சங்கிலிகளின் இரு முனைகளிலும் சாயங்களைப் பொருத்தி இந்த விதியைச் சோதித்துக் காட்டினார்கள்.

இந்தக் கணக்கிலிருந்து நேராக வருவது ஒன்று. இரண்டு சாயங்களையும் தனித்தனியாகக் கரைசலில் போட்டு, ஒவ்வொன்றையும் 10 மைக்ரோமோலார் வைத்தால், மூலக்கூறுகளுக்கு இடையே சராசரியாக 55 நானோமீட்டர் இடைவெளி இருக்கும். அந்தத் தொலைவில் ஃபோர்ஸ்டர் வழி ஆற்றல் மாற்றம் நடக்காது. ஆனாலும் ஏற்பி ஒளிர்கிறது என்றால், இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும், அல்லது வழங்கி உமிழ்ந்த ஒளியை ஏற்பி மறுபடி உறிஞ்சியிருக்க வேண்டும், அல்லது நீங்கள் ஏற்பியை நேராகவே தூண்டிக்கொண்டிருக்க வேண்டும்.

எதைத் தொடுவதற்கும் முன்

ஐந்து குவெட்டுகளை அளந்துவிடுங்கள்: கரைப்பான் மட்டும், வழங்கி மட்டும், வளையம் திறந்த ஏற்பி மட்டும், உணரி, பாதரசம் சேர்த்த உணரி. ஐந்துக்கும் ஒரே தூண்டும் அலைநீளம், கருவியில் ஒளி நுழையும் துளைக்கு ஒரே அகலம், ஒளிப்பெருக்கிக்கு ஒரே மின்னழுத்தம் இருக்க வேண்டும். ஒவ்வொன்றின் உறிஞ்சு நிறமாலையையும் கையோடு எடுத்துவிடுங்கள். கீழே சொல்லப்போகும் கோளாறுகளில் பாதி இந்தப் படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே வெளிப்பட்டுவிடும். இதைச் செய்யாமல் புதிய மூலக்கூறு தயாரிக்கக் கிளம்புவது நேரத்தையும் வேதிப்பொருளையும் வீணாக்கும்.

அறிகுறி: வழங்கி இறங்குகிறது, ஏற்பி ஏறவே இல்லை

அடிக்கடி வரும் புகார் இதுதான். ஆற அமரப் பார்க்க வேண்டியதும் இதுவே.

முதலில் கரைசலைக் கண்ணால் பாருங்கள். இளஞ்சிவப்பு நிறம் வந்திருக்கிறதா? வரவில்லை என்றால் வளையமே திறக்கவில்லை. ஏற்பி பிறக்காத இடத்தில் ஆற்றல் மாற்றம் எங்கே நடக்கும்? அப்படியானால் வழங்கியின் ஒளியைக் குறைத்தது வேறொன்று. கன அணுவான பாதரசம் கூமரினின் ஒளிர்வைத் தானே தணிக்கக்கூடியது. தாமிர அயனியும் தன் காந்தப் பண்பால் அதே வேலையைச் செய்யும். வழங்கி மட்டும் இருக்கும் குவெட்டில் அதே அளவு பாதரசத்தைச் சேர்த்துப் பாருங்கள். அங்கேயும் அதே விகிதத்தில் ஒளி இறங்கினால் நீங்கள் கண்டது வெறும் தணிப்பு.

நிறம் வந்தும் 580 இல் ஒளி இல்லையென்றால் ஏற்பியின் பக்கம் திரும்புங்கள். 530 இல் ரோடமினை நேரடியாகத் தூண்டுங்கள். அப்போதும் ஒளிரவில்லை என்றால் ஏற்பிதான் தணிக்கப்படுகிறது. உலோகம் அதன் அருகிலேயே உட்கார்ந்திருக்கலாம், அல்லது நீர் மிகுந்த கரைசலில் மூலக்கூறுகள் திரண்டுகொண்டிருக்கலாம். எத்தனாலோ அசிட்டோநைட்ரைலோ கூடுதலாகச் சேர்த்துத் திரளைக் கலைத்துப் பாருங்கள். நேரடித் தூண்டலில் நன்றாக ஒளிர்கிறது, கூமரின் வழியாகத் தூண்டினால் மட்டும் ஒளிரவில்லை என்றால், அப்போதுதான் உண்மையிலேயே ஆற்றல் மாற்றத்தில் குறை. வழங்கியின் உமிழ்வு நிறமாலையையும் ஏற்பியின் உறிஞ்சு நிறமாலையையும் ஒரே தாளில் வரைந்து எவ்வளவு மேற்பொருந்துகின்றன என்று பாருங்கள். கூமரினின் உமிழ்வு 475 இல் உச்சம் தொட்டு 550 வரை வாலாக நீள்கிறது. ரோடமின் பி 560 ஐ ஒட்டி உறிஞ்சுகிறது. எனவே பொருந்துவது அந்த வால் பகுதி மட்டுமே. ரோடமின் 6ஜி 530 அருகே உறிஞ்சுவதால் கூமரினோடு இன்னும் நெருங்கிப் பொருந்தும். இந்த இடத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான் மூலக்கூற்றை மாற்றுவது பற்றி யோசிக்க வேண்டும்.

"அண்ணா, இணைப்பை நீட்டிப் பார்க்கட்டுமா?" என்று ஒரு மாணவி கேட்டார். அவருடைய தாளில் 475 முகடு பாதியாகக் குறைந்திருந்தது. 580 இல் தரைமட்டம். பக்கத்திலேயே உறிஞ்சு நிறமாலை, அதில் 560 இல் ஒரு மேடுகூட இல்லை. "வளையம் திறந்ததா என்று முதலில் பாருங்கள் தங்கச்சி, இணைப்பு எங்கேயும் ஓடிவிடாது" என்றேன். அவர் பயன்படுத்திய தாங்கல் கரைசல் (பி.எச். மாறாமல் காக்கும் கரைசல்) பி.பி.எஸ்., அதாவது உப்பு கலந்த பாஸ்பேட் தாங்கல். அதில் ஏறக்குறைய 137 மில்லிமோலார் உப்பு இருக்கிறது. பாதரசத்தை முழுவதும் குளோரைடு இறுகப் பிடித்துக்கொண்டது, உணரிக்கு எதுவும் மிஞ்சவில்லை. ஹெப்பிஸ் தாங்கலுக்கு மாறியதும் கரைசல் சிவந்தது. தாங்கலைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். பாஸ்பேட், இரும்பையும் அலுமினியத்தையும் ஈயத்தையும் வீழ்படிவாக்கிவிடும். டிரிஸ் தாமிரத்தோடு பிணையும். ஹெப்பிஸில்கூட ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வெளிச்சத்தில் கிடந்தால் அதில் ஹைட்ரஜன் பெராக்சைடு உருவாகும். பாட்டிலை இருட்டில் வையுங்கள்.

அறிகுறி: வழங்கி இறங்குகிறது, ஏற்பியும் ஏறுகிறது, ஆனால் இது ஆற்றல் மாற்றம்தானா என்று கட்டுரையின் மதிப்பாய்வாளர் கேட்கிறார்

நியாயமான கேள்வி. இதைக் கோளாறு என்று சொல்ல முடியாது என்றாலும் பலரும் தடுமாறும் இடம் என்பதால் சேர்த்திருக்கிறேன்.

ஒளிர்வுமானியில் உமிழ்வை 620 இல் நிறுத்திவிட்டுத் தூண்டும் அலைநீளத்தை 350 முதல் 600 வரை ஓட்டுங்கள். கிடைக்கும் தூண்டல் நிறமாலையில் ரோடமினின் 560 முகட்டோடு கூமரினின் 420 முகடும் தெரிய வேண்டும். கூமரின் வாங்கிய ஒளிதான் ரோடமினின் ஒளியாக வெளியே வருகிறது என்பதற்கு இது நேரடிச் சான்று. வளையம் திறந்த ஏற்பி மட்டும் உள்ள குவெட்டிலும் இதையே செய்து, அங்கே 420 இல் எவ்வளவு வருகிறதோ அதைக் கழித்துவிடுங்கள்.

ஆனால் இது மட்டும் போதாது. கூமரின் உமிழ்ந்த ஒளியை ரோடமின் வழியில் மறுபடி உறிஞ்சினாலும் இதே படம்தான் வரும். இரண்டையும் பிரிப்பது வழங்கியின் ஒளிர்வு ஆயுட்காலம், அதாவது தூண்டிய பிறகு அதன் ஒளிர்வு நிலைக்கும் நேரம். மூலக்கூறுக்குள் ஆற்றல் மாற்றம் நடந்தால் கூமரினின் ஆயுட்காலம் குறையும். மறு உறிஞ்சலாக இருந்தால் குறையாது. 1 என்ற எண்ணிலிருந்து, ஏற்பி உள்ளபோதைய ஆயுட்காலத்தை ஏற்பி இல்லாதபோதைய ஆயுட்காலத்தால் வகுத்து வருவதைக் கழித்தால் கிடைப்பது திறன். அதே நேரம் மோதல் வழித் தணிப்பும் ஆயுட்காலத்தைக் குறைக்கும். எனவே ஆயுட்காலத்தை மட்டும் காட்டுவதும் அரைச் சான்றுதான். தூண்டல் நிறமாலை, ஆயுட்காலம் இரண்டையும் சேர்த்துக் காட்டினால் கேள்விக்கு இடமிருக்காது.

ஆயுட்காலம் அளக்கும் கருவி உங்களிடம் இல்லையா? பாதரசம் போதிய அளவு சேர்த்த உணரிக் கரைசலைப் பத்து மடங்கு நீர்த்துவிட்டு, 580 க்கும் 475 க்கும் உள்ள விகிதத்தை மறுபடி பாருங்கள். ஒரே மூலக்கூறுக்குள் நடக்கும் மாற்றமாக இருந்தால் விகிதம் ஏறத்தாழ அப்படியே நிற்கும். மறு உறிஞ்சலாக இருந்தால் நீர்த்ததும் சரிந்துவிடும். நீர்க்கும்போது பாதரசம் பிரிந்துபோகும் வகை உணரியானால், இரண்டு முறையும் பாதரசத்தை மிகையாக வைத்திருங்கள்.

அறிகுறி: பாதரசம் சேர்க்கச் சேர்க்க இரண்டு முகடுகளும் இறங்குகின்றன

பெரும்பாலும் கரைசல் அடர்ந்துவிட்டது என்று பொருள். தூண்டும் அலைநீளத்தில் உறிஞ்சளவு (கரைசல் எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்பதைக் காட்டும் எண்) 0.1 ஐத் தாண்டக்கூடாது. 1 சென்டிமீட்டர் குவெட்டின் நடுப்பகுதியைத்தான் கருவி பார்க்கிறது. உறிஞ்சளவு 0.1 ஆக இருக்கும்போதே நடுவுக்கு வரும் முன் ஒளியில் பத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. 0.3 என்றால் நீங்கள் காணும் எண்ணை 1.4 ஆல் பெருக்க வேண்டியிருக்கும். தூண்டும் இடத்தின் உறிஞ்சளவையும் உமிழும் இடத்தின் உறிஞ்சளவையும் கூட்டிப் பாதியாக்கி, 10 ஐ அந்த அடுக்குக்கு உயர்த்திப் பெருக்கும் திருத்தச் சூத்திரம் எல்லோருக்கும் தெரியும். அதை நம்பி அடர்த்தியான கரைசலோடு வேலை செய்வதைவிட நீர்த்துவிடுவது நல்லது.

உறிஞ்சளவு சரியாக இருந்தும் இரண்டும் இறங்கினால், பாதரசம் சேர்க்காமலே அதே குவெட்டைப் பலமுறை அளந்து பாருங்கள். தானாகவே இறங்கினால் சாயம் வெளிச்சத்தில் சிதைகிறது. அளவீடுகளுக்கு இடையே ஒளித்தடுப்பை மூடுங்கள், துளையைச் சுருக்குங்கள்.

அறிகுறி: பாதரசம் சேர்க்காமலே ஏற்பி ஒளிர்கிறது

மூன்று இடங்களில் தேடுங்கள். ஒன்று, நேரடித் தூண்டல். ஏற்பி மட்டும் உள்ள குவெட்டில் 420 இல் தூண்டினால் எவ்வளவு வருகிறதோ அது. இரண்டு, கூமரினின் வால் 580 வரை நீண்டு வந்து சேர்வது. வழங்கி மட்டும் உள்ள குவெட் இதைக் காட்டிக்கொடுக்கும். இவை இரண்டும் கழித்தல் கணக்கில் தீரும்.

மூன்றாவது அமிலம். அது ஏமாற்றும். பி.எச். 5 க்குக் கீழே போனாலே பல ரோடமின் வளையங்கள் உலோகம் எதுவும் இல்லாமல் திறந்துகொள்ளும். பாதரச நைட்ரேட்டின் மூலக்கரைசல் வீழ்படிவாகாமல் இருக்க நைட்ரிக் அமிலம் சேர்த்து வைத்திருப்போம். தாங்கல் கரைசல் வலுவில்லாமல் இருந்தால் ஒவ்வொரு சொட்டோடும் பி.எச். இறங்கும், ரோடமின் ஏறும், படம் அழகாக வரும், பாதரசத்துக்கும் அதற்கும் தொடர்பே இருக்காது. பாதரசம் இல்லாத அதே அமிலத்தை அதே கன அளவில் சேர்த்து ஒரு வரிசை எடுங்கள். அந்த வரிசை தட்டையாக இருந்தால்தான் மற்றது செல்லும். முடிவில் குவெட்டுக்குள் இருக்கும் கரைசலின் பி.எச். ஐயும் அளந்து குறிப்பேட்டில் எழுதுங்கள். தொடக்கத்தில் தாங்கலின் பி.எச். என்ன என்பது இங்கே பொருட்டே இல்லை.

அறிகுறி: எதைச் சேர்த்தாலும் அசையாமல் நிற்கும் ஒரு முகடு

420 இல் தூண்டும்போது 490 இல் ஒரு சிறு மேடு தெரிகிறதா? அது நீரின் ராமன் சிதறல், அதாவது நீர் மூலக்கூறுகள் தூண்டும் ஒளியை அலைநீளம் மாற்றிச் சிதறடிப்பது. திருச்சியில் பிறந்த ராமன் 1928 இல் கண்டறிந்த அதே விளைவுதான், கூமரினின் தோளில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. உணரியின் செறிவு குறையக் குறைய இந்த மேடு ஒப்பளவில் பெரிதாகத் தெரியும், விகிதத்தைக் கெடுக்கும். தூண்டலை 410 க்கு மாற்றுங்கள். மேடு 476 க்கு நகர்ந்தால் அது சிதறல், இடம் மாறாமல் நின்றால் ஒளிர்வு. கரைப்பானின் நிறமாலையைக் கழித்துவிட்டால் தீர்ந்தது.

புற ஊதாவில் தூண்டுபவர்களுக்கு இன்னொன்று: 290 இல் தூண்டினால் 580 இல் கூர்மையான முகடு வரும். தூண்டும் ஒளியின் இரண்டாம் வரிசைச் சிதறல் அது, ரோடமினின் இடத்திலேயே வந்து நிற்கும். தடுப்பு வடிகட்டி ஒன்றைப் பொருத்துங்கள்.

அறிகுறி: காலையில் ஓர் எண், பிற்பகலில் வேறோர் எண்

இந்த ஊருக்கே உரிய தொல்லைகள் இங்கே கூடுகின்றன. வெளியே 31, 32 டிகிரி, காற்றில் ஈரம் மிகுதி. உள்ளே குளிரூட்டல்.

குளிர்பதனப் பெட்டியில் 4 டிகிரியில் வைத்த கரைசலை எடுத்து நேராகக் குவெட்டில் ஊற்றினால், குளிரூட்டிய பேருந்திலிருந்து இறங்கியதும் மூக்குக்கண்ணாடி மங்குவதுபோல் குவெட்டின் வெளிச்சுவர் மங்கிவிடும். விளக்கொளியில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும் அளவுக்கு மெல்லிய படலம் அது. கருவிக்கு அதுவே போதும். சிதறல் ஏறும், ஒளிர்வு இறங்கும், பத்து நிமிடத்தில் படலம் காய்ந்ததும் எண்கள் தாமாக மேலே ஏறும். அந்த ஏற்றத்தை வினையின் வேகம் என்று எண்ணி வேக மாறிலி கணக்கிட்ட குறிப்பேடுகளைப் பார்த்திருக்கிறேன். கரைசல் அறை வெப்பநிலைக்கு வந்த பிறகே ஊற்றுங்கள். ஒவ்வொரு முறையும் நான்கு பக்கங்களையும் லென்ஸ் துடைக்கும் தாளால் துடையுங்கள்.

வெப்பநிலையும் நேராகவே கைவைக்கும். ரோடமின் பி-யின் ஒளிர்வு ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 2 விழுக்காடு குறைகிறது. குளிரூட்டல் குறைக்கப்படும் வார இறுதியில் அறை 23 இலிருந்து 28 க்குப் போனால், ஏற்பியில் பத்தில் ஒரு பங்கு காணாமல் போகும். கூமரின் அந்த அளவுக்குக் குறையாது, அதனால் விகிதம் சாயும். இரண்டு முகடுகளின் விகிதத்தை எடுத்தால் எல்லாப் பிழையும் அடிபட்டுவிடும் என்ற நம்பிக்கை இங்கே பொய்க்கிறது. விளக்கின் ஏற்ற இறக்கம், உணரியின் செறிவில் சிறு வேறுபாடு ஆகியவற்றை விகிதம் சரிசெய்யும். ஒரு முகட்டை மட்டும் தாக்கும் எதையும் அது சரிசெய்யாது. சுழல்நீர்க் குவெட் பிடிப்பான் இருந்தால் 25 டிகிரியில் நிறுத்தி வையுங்கள். இல்லையென்றால் வெப்பநிலையை அளந்து எழுதவாவது செய்யுங்கள்.

அடுத்து, உணரியின் மூலக்கரைசலைத் தயாரிக்கும் கரைப்பானான டி.எம்.எஸ்.ஓ. அது 18.5 டிகிரியிலேயே உறைந்துவிடும். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த மூலக்கரைசல் மேலே இளகி, அடியில் கண்ணாடிபோல் உறைந்திருக்கும். மேலிருந்து உறிஞ்சினால் உங்கள் செறிவு எதுவென்று யாருக்கும் தெரியாது. முழுக்க இளகவிட்டு, குலுக்கி, பிறகு எடுங்கள். அதோடு அது காற்றின் ஈரத்தையும் இழுக்கும். இங்கே மூடியைத் திறந்து வைத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் சேரும். சிறு குப்பிகளில் பிரித்து வைத்து, ஒரு குப்பியை ஒரு நாளோடு முடித்துவிடுவது நல்ல வழக்கம். துத்தநாகக் குளோரைடு, இரும்புப் பெர்குளோரேட் போன்ற உப்புகளுக்கும் இதே கதி: தராசில் எடைபோட்டுக்கொண்டிருக்கும்போதே கசிந்து நீராகத் தொடங்கும். எடையை நம்பாதீர்கள். தரப்படுத்திய உலோகக் கரைசலை வாங்கிவிடுங்கள், அல்லது உலோக அயனிகளை இறுகப் பிடிக்கும் இ.டி.டி.ஏ. கொண்டு தரம்பார்த்துச் செறிவை உறுதிசெய்யுங்கள்.

செனான் விளக்கைப் போட்டு அரை மணி நேரம் கழித்தே அளக்கத் தொடங்குங்கள் என்பதை இங்கே நினைவூட்டினால் போதும்.

அறிகுறி: தூய நீரில் வேலை செய்கிறது, குழாய் நீரில் செய்யவில்லை

இந்தப் பகுதி எனக்கு மிக முக்கியம். உணரி யாருக்காகவோ செய்யப்படுகிறது. வடித்த நீரில் மட்டும் வேலை செய்யும் உணரியால் யாருக்கும் பயனில்லை.

சிங்கப்பூர்க் குழாய் நீரில் கிருமி நீக்கத்துக்காகக் குளோரமின் இருக்கிறது. அது ஆக்சிகரணி, சாயங்களை மெதுவாக வெளுக்கச் செய்யும். வளையம் திறந்த ஏற்பியைக் குழாய் நீரில் போட்டு இருபது நிமிடம் இருட்டில் வைத்துப் பாருங்கள். இறங்கினால் காரணம் தெரிந்துவிட்டது. நீரை ஓர் இரவு திறந்து வைத்தால் போய்விடும் என்று சொல்வார்கள். குளோரின் அப்படிப் போகும், குளோரமின் எளிதில் போகாது. வீட்டில் மீன் வளர்ப்பவர்களைக் கேளுங்கள், அதற்கென்று மருந்து வாங்கி ஊற்றுவார்கள். அந்த மருந்தில் வழக்கமாக இருக்கும் தயோசல்பேட்டைப் பாதரச உணரிக்குப் பயன்படுத்த முடியாது, அது பாதரசத்தையே கட்டிவிடும். அஸ்கார்பிக் அமிலம் இரும்பையும் தாமிரத்தையும் ஒடுக்கிவிடும். பாதரசப் பகுப்பாய்வில் மிகை ஆக்சிகரணியை அடக்க ஹைட்ராக்சிலமின் ஹைட்ரோகுளோரைடைப் பயன்படுத்தும் வழக்கம் உண்டு. உங்கள் உணரியை அது தொடுகிறதா என்று தனியாகச் சோதித்த பிறகே சேருங்கள். அலுமினிய உணரி செய்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: இங்கே குழாய் நீரில் சிறிதளவு ஃபுளோரைடும் சேர்க்கப்படுகிறது, அது அலுமினியத்தை இறுகப் பிடிக்கும்.

மெக்ரிட்சி, பிடோக் போன்ற நீர்த்தேக்கங்களிலிருந்து எடுத்த நீரில் சிக்கல் வேறு. இலைதழை மக்கிக் கரைந்த கரிமப் பொருள்கள் 420 இல் தூண்டினால் தாங்களே நீலமும் பச்சையுமாகப் பரந்து ஒளிரும். அந்த ஒளி கூமரினின் மேல் ஏறி உட்கார்ந்து விகிதத்தைக் கீழே இழுக்கும். பாதரசம் இருந்தும் இல்லாததுபோலக் காட்டும். உணரி சேர்க்காத அதே நீரின் நிறமாலையைக் கழியுங்கள். அந்தப் பொருள்களில் உள்ள கந்தகம் பாதரசத்தைப் பிடித்து வைப்பதைக் கழித்தலால் சரிசெய்ய முடியாது. சுங்கை பூலோவின் சதுப்புநில நீரானால் கடலின் குளோரைடும் சேர்ந்துகொள்ளும். பி.பி.எஸ். கதையேதான், அதைவிடக் கடுமையாக.

இப்படிப்பட்ட நீர்களில் தூய நீரில் வரைந்த அளவுக்கோட்டை (பாதரசத்தின் செறிவுக்கு ஏற்ப உணரியின் எண் மாறுவதைக் காட்டும் கோட்டை) கொண்டுவந்து பொருத்தவே கூடாது. அதே நீர் மாதிரியை நான்கைந்து பங்குகளாகப் பிரித்து, தெரிந்த அளவு பாதரசத்தைப் படிப்படியாகச் சேர்த்து, அந்தக் கோட்டைப் பின்னோக்கி நீட்டிப் பாருங்கள். சேர்த்ததில் எத்தனை விழுக்காடு திரும்பக் கிடைத்தது என்பதையும் எழுதுங்கள். அது 40 விழுக்காடாக இருந்தால் 40 என்றே எழுதுங்கள். பிடிபட்டுக்கிடக்கும் பாதரசத்தை உணரி பார்க்கவில்லை என்பதும் ஒரு செய்திதான், அடுத்து வருபவருக்குப் பயன்படும்.

நீர் மாதிரியைப் பிளாஸ்டிக் குப்பியில் நாள்கணக்கில் வைத்தால் பாதரசம் சுவரில் ஒட்டிக்கொள்ளும். கண்ணாடியில் எடுத்து, அமிலமிட்டு, சீக்கிரம் அளந்துவிடுங்கள். அளக்கும் முன் பி.எச். ஐத் திரும்பச் சரிசெய்ய மறக்காதீர்கள், இல்லாவிட்டால் முன்பு சொன்ன அமிலக் கோளாறு வந்துவிடும். குவெட்டுகளை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் அலசுங்கள். பாதரசம் கலந்த கழிவை ஒருபோதும் தொட்டியில் ஊற்றக்கூடாது. தனிப் பாட்டிலில் பெயரொட்டிச் சேர்த்து, தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் பெற்ற நச்சுக் கழிவுச் சேகரிப்பாளரிடம் போகச் செய்ய வேண்டும்.

அறிகுறி: இ.டி.டி.ஏ. சேர்த்தும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை

உங்கள் உணரி கந்தகத்தைப் பாதரசத்திடம் இழந்து வினைபுரியும் வகையானால் அது திரும்பாது, திரும்பவும் கூடாது. பிணைந்து மட்டும் நிற்கும் வகையாக இருந்தும் திரும்பவில்லை என்றால், வளையத்தைத் திறந்தது அமிலமா என்று மறுபடி பாருங்கள்.

அறிகுறி: புரத உணரியில் ஏற்பி மட்டும் தடுமாறுகிறது

செல்களுக்குள் கால்சியம் அளக்கும் உணரிகளில், 1997 இல் ரோஜர் சியனின் குழு அறிமுகப்படுத்திய வகையில், நீல-பச்சைப் புரதம் வழங்கி, மஞ்சள் புரதம் ஏற்பி. பழைய மஞ்சள் புரதங்கள் பி.எச். 7 ஐ ஒட்டியே ஒளியை இழக்கத் தொடங்கும், குளோரைடுக்கும் மசியும். கால்சியம் மாறாமலே செல் சற்று அமிலமானால் விகிதம் இறங்கும். சிட்ரின் போன்ற பிற்கால வகைக்கு மாறுங்கள். ஏற்பியை வலுவான ஒளியால் வெளுக்கச் செய்து வழங்கி ஏறுகிறதா என்று பார்ப்பது செல்களில் எளிதாகச் செய்யக்கூடிய சோதனை. ஏறினால் மாற்றம் நடந்துகொண்டிருந்தது.

அறிகுறி: அளவுக்கோடு மேலே போய்த் தட்டையாகிறது

பாதரசம் உணரியின் செறிவை எட்டியிருந்தால் அது இயல்பு. அதற்கு முன்பே தட்டையானால் கருவியின் ஒளிப்பெருக்கி நிறைந்துவிட்டதா என்று பாருங்கள். முகடே தலைவெட்டியதுபோல் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். துளையைக் குறையுங்கள்.

அறிகுறி: கண்டறியும் எல்லை நம்ப முடியாத அளவுக்கு நன்றாக வருகிறது

பாதரசம் சேர்க்காத வெற்றுக் கரைசலின் திட்ட விலக்கத்தை மூன்றால் பெருக்கிக் கோட்டின் சாய்வால் வகுப்பது வழக்கம். ஒரே குவெட்டை எடுக்காமல் பத்துமுறை அளந்தால் கிடைக்கும் விலக்கம் கருவியின் இரைச்சல் மட்டுமே. தனித்தனியாகத் தயாரித்த பத்து வெற்றுக் கரைசல்களை அளங்கள். எல்லை பெரிதாகும், ஆனால் அது உண்மையான எல்லை. குடிநீரில் கனிமப் பாதரசத்துக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 6 மைக்ரோகிராம், அதாவது ஏறக்குறைய 30 நானோமோலார். உங்கள் எல்லை 1 மைக்ரோமோலார் என்றால் அது லிட்டருக்கு 200 மைக்ரோகிராம். அப்படிப்பட்ட உணரிக்குக் குடிநீர்ச் சோதனை என்று தலைப்பிட முடியாது. தொழிற்சாலைக் கழிவுநீர் என்று எழுதி, அந்த நீரிலேயே சோதித்துக் காட்டுங்கள்.